சாயம் ஏற்றும் கை

தொட்டியில் ஒரு மீனும் செத்திருக்கவில்லை.

அவள் முதலில் தண்ணீரின் மேல்மட்டத்தைப் பார்த்தாள். பிறகு, செத்தவை வழக்கமாக ஒட்டிக்கொண்டு கிடக்கும் பம்ப்பின் வாயருகே பார்த்தாள். பிறகு முழங்காலில் கைவைத்துக் குனிந்து கூழாங்கற்களுக்கு நடுவே தேடினாள். எங்கும் எதுவும் இல்லை. போன முறை அவள் விட்டுவிட்டுப் போன கண்ணாடி மீன்கள் அத்தனையும், முதுகோரத்துப் பச்சைக் கோடு கொஞ்சமும் வெளிறாமல், கூட்டமாக இடப்பக்கம் போய்க் கூட்டமாக வலப்பக்கம் திரும்பிக்கொண்டிருந்தன. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் இந்த வேலையில் மீன் நன்றாக இருந்தால் அவளை யாரும் கூப்பிடுவதில்லை. செத்தால்தான் கூப்பிடுவார்கள்.

"எல்லாம் நல்லாத்தானேம்மா இருக்கு?" என்றாள்.

 வீட்டம்மா தொட்டியையே பார்க்கவில்லை. அவள் முதுகுக்குப் பின்னால் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்ற அவளுடைய மகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இதுதான் அந்த வாயாடியா?"

"ஆமாம்மா. லிஃப்டுல ஏறினதுலேர்ந்து வாயை மூடல. இப்போ பாருங்க, பூனை மாதிரி நிக்குது."

"பூனை பேசும்," என்றாள் மகள், புடவைக்குள்ளிருந்து. "நமக்குத்தான் புரியாது."

வீட்டம்மா சத்தமில்லாமல் சிரித்தார். அவர் சிரிப்பு எப்போதும் அப்படித்தான். தோள் குலுங்கும், சத்தம் வராது.

பிற்பகல்தான். ஆனால் வெளியே மழை பிடித்திருந்தது. அந்த வீட்டின் திரைச்சீலைகள் வெயில் நாளிலேயே விலக்கப்படாதவை. கூடத்தில் தொட்டியின் நீல வெளிச்சமும், சாப்பாட்டு மேசைக்கு மேலே தொங்கிய ஒரு விளக்கும் மட்டும் எரிந்தன. பம்ப்பின் குமிழிகள் விடாமல் முணுமுணுத்தன. தரை துடைக்கிற திரவத்தின் வாசனையும், அதற்கு அடியில் வேறு ஏதோ ஒரு வாசனையும். அது என்னவென்று அவளுக்குப் பிடிபடவில்லை. தெரிந்த வாசனைதான்.

அவள் வேலை செய்யும் வளர்ப்பு மீன் கடையில் அவளுக்கு 'டாக்டரம்மா' என்று பெயர். கடையின் பின்னறையில், ட்யூப்லைட்டுக்கு நேர் கீழே உட்கார்ந்து, இடது உள்ளங்கையில் ஈரத்துணியை விரித்து, அதில் ஒரு கண்ணாடி மீனை வைத்து, சர்க்கரை நோயாளிகள் குத்திக்கொள்கிற அந்த மெல்லிய ஊசியால் முதுகின் இருபக்கமும் சாயம் ஏற்றுவாள். கட்டைவிரல் அளவு மீன். முள், குடல், காற்றுப்பை எல்லாம் வெளியே தெரியும் உடம்பு. ஒளித்துவைக்க எதுவும் இல்லாத பிராணி. அதனாலேயே அதை யாரும் வாங்குவதில்லை. பச்சை, மஞ்சள், ரோஸ் என்று ஒரு கோடு ஏறிவிட்டால் போதும், பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நகரமாட்டேன் என்பார்கள். "இது பிறவிக் கலரா?" என்று யாராவது கேட்டால் முதலாளி, "ஆமா சார், அவங்க அப்பாவும் பச்சைதான்," என்பார். கேட்டவரும் சிரிப்பார். சிரித்தவர் அதற்கு மேல் கேட்கமாட்டார்.

பாதி மீன்கள் குத்திய காயத்திலேயே போய்விடும். மீதியில் பாதி, ஒரே ஊசியை எல்லாவற்றுக்கும் போடுவதால் ஒன்றின் நோய் மற்றதற்கு ஏறிச் செத்துவிடும். தப்பித்தவற்றின் சாயம் கொஞ்ச நாளில் கரைந்து, மீன் பழையபடி வெறும் கண்ணாடியாகிவிடும். அப்போது வாடிக்கையாளர் கோபத்தோடு வருவார். ஏமாற்றிவிட்டார்களே என்ற கோபம், மீனுக்காக அல்ல.

இந்த வீட்டம்மா அப்படிக் கோபப்பட்டு வந்தவர் அல்ல. அவர் மகள் உடம்பு சரியில்லாமல் படுக்கையில் இருக்கிறாள், மீன் செத்தது அவளுக்குத் தெரியக்கூடாது, செத்ததைப் போலவே இன்னொன்று வேண்டும் என்றுதான் முதலில் கேட்டார். அதற்காகவே சாயம் ஏறாத மீன்களைப் பையில் எடுத்துக்கொண்டு அவள் இங்கே வந்து, பழைய கோட்டைப் பார்த்து, அதே நீளத்துக்கு, அதே வளைவுக்கு ஊசி போட்டுக் கொடுக்கத் தொடங்கினாள். வீட்டம்மா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பார்.

"வலிக்குமா அதுக்கு?"

"மீனுக்கு வலி தெரியாதும்மா." கடையில் எல்லோருக்கும் சொல்கிற பதில். ஊசி இறங்குகிற அந்த நொடியில் உள்ளங்கையில் மீன் ஆணி மாதிரி விறைப்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

"கண்டுபிடிச்சிட மாட்டாளா?"

"யாருமே கண்டுபிடிக்க மாட்டாங்கம்மா. கோடு சரியா இருந்தா போதும். மூஞ்சியை யார் பாக்கறா?" அன்றைக்கு அவளுக்குப் பேச்சு நன்றாக வந்தது. தன் கைவேலையை ஒருத்தர் உட்கார்ந்து பார்க்கிறாரே என்ற பெருமை. "துள்ளாம இருக்க கிராம்புத் தைலம் ரெண்டு சொட்டு தண்ணியில விட்டுடுவேன். மயங்கிடும். பாவம் பார்த்து இல்லம்மா, துள்ளினா கோடு கோணிடும்."

"அப்படியா," என்றார் வீட்டம்மா. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "அப்படியா." கிளம்பும்போது அந்தத் தைலத்தில் ஒரு சீசா கேட்டு வாங்கிக்கொண்டார். பல்வலிக்காம்.

போன முறைதான் கேட்டார், உங்களுக்குப் பிள்ளைகள் உண்டா என்று. ஒரே பெண், ஏழு வயது, பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது என்று இவளும் சொன்னாள். என் மகளுக்குப் பேச்சுத்துணைக்கு ஆளில்லை, விடுமுறையில் கூட்டிக்கொண்டு வாருங்களேன் என்றார். அவளுக்கு என்ன கலர் பிடிக்கும் என்றும் கேட்டார். ரோஸ், என்றாள் இவள்.

கணவன் போனபிறகு அவளுக்கு என்று இருப்பது அந்த வாயாடி ஒன்றுதான். இப்படி ஒரு வீட்டை அது ஒரு தடவை பார்க்கட்டுமே என்றுதான் கூட்டிவந்தாள்.

"எல்லாத்தையும் மாத்திடுங்க," என்றார் வீட்டம்மா இப்போது. "ரோஸ்."

"இதெல்லாம் உயிரோட இருக்கேம்மா."

"இருந்தா என்ன. கொட்டிடுங்க. பச்சையை இனிமே யாரு பார்க்கப் போறா?"

அவர் வாயாடியின் பக்கம் குனிந்து கையை நீட்டினார். "உள்ள பொம்மையெல்லாம் இருக்கு. வர்றியா?"

"அந்த அக்கா தூங்குறாங்களா?"

"இல்லடா. உனக்காகத்தான் காத்துட்டு இருந்தோம்."

மகள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். இவள் தலையசைத்தாள். ஊசிப்பெட்டியைத் திறந்துகொண்டே, பார்க்காமலேயே, தலையசைத்தாள்.

பச்சை மீன்களை வலையில் அள்ளி வாளியில் போட்டாள். கொட்டிவிட மனம் வரவில்லை. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வாளியை மேசைக்கடியில் தள்ளினாள். கிண்ணத்தில் தண்ணீர், தைலம், துணி, சாயம். முதல் மீன் மயங்கிச் சரிந்தது. உள்ளங்கையில் எடுத்தாள். கண் பக்கம் பார்க்காமல் முதுகைப் பார்த்தாள். அதுதான் பழக்கம்.

உள்ளே மகள் பேசிக்கொண்டிருந்தாள். வார்த்தை புரியவில்லை, ஆனால் அந்த ஏற்ற இறக்கம், மூச்சுவிடாமல் ஓடுகிற அந்த ஓட்டம், நடுவில் ஒரு சிரிப்பு. பொம்மையின் பெயரைக் கேட்கிறாள் போலிருக்கிறது. பிறகு குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம். சின்னப் பாத்திரத்தால் மொண்டு ஊற்றுகிற சத்தம். பிறகு சீப்பு. ஈர முடியில் சீப்பு இறங்கும்போது வருகிற அந்த இழுவை. குளிப்பாட்டுகிறாரா? எதற்கு? பணக்காரர்களுக்குச் சுத்தம் ஜாஸ்தி, ஒட்டிக்கொள்ளும் என்று பயந்திருப்பார், என்று நினைத்தாள். நினைத்ததும் சுருக்கென்றது. எழுந்து போய்க் கேட்கலாம். ஆனால் கையில் மீன் இருந்தது. பாதிக் கோட்டில் விட்டால் சாயம் பரவிவிடும்.

அடுத்த மீன். அதற்கடுத்த மீன். மழை கண்ணாடியில் சரம் சரமாக இறங்கியது. வாளிக்குள்ளிருந்து அவ்வப்போது ஒரு துள்ளல், பிளாஸ்டிக்கில் வாலடிக்கும் சின்னச் சத்தம். உள்ளே பேச்சு கொஞ்சம் மெதுவாகியிருந்தது. ஓட்டம் நின்று, ஒவ்வொரு வார்த்தையாக, நடுவில் நீளமான இடைவெளியோடு. வீட்டம்மாவின் குரல் ஏதோ ஒன்றைச் சொல்ல, மகளின் குரல் அதையே திருப்பிச் சொல்வதுபோல் இருந்தது. மறுபடி அவர். மறுபடி அவள். பாடம் ஒப்பிக்கிற மாதிரி.

பிறகு கத்தரிக்கோல்.

அவள் நிமிர்ந்தாள்.

இங்கே கையின் நிழல் கோட்டின் மேல் விழுகிறது, சுவரோரம் வெளிச்சம் நன்றாக இருக்கும் என்று தனக்குத்தானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு, துணியில் மீனோடு எழுந்து அந்த அறைக் கதவுக்குப் பக்கத்துச் சுவரோரம் போய் நின்றாள். கதவு சாத்தியிருந்தது. சுவர் முழுக்கப் படங்கள். இத்தனை முறை வந்தும் அவள் நின்று பார்த்ததில்லை. எல்லாம் பிறந்தநாள் படங்கள். நெற்றியில் குட்டையாக வெட்டிய முடி, வெள்ளைக் காலர் வைத்த கவுன், இடது கண்ணுக்குக் கீழே ஒரு மச்சம். கேக்கின் பின்னால் அந்தப் பெண். பின்னால் வீட்டம்மா.

ஒரு படத்தில் பின்னணியில் பெட்டி மாதிரியான பழைய டிவி. அடுத்ததில் சுவரில் மாட்டுகிற தட்டை டிவி. திரைச்சீலை பழுப்பாக இருந்து நீலமாகி, நீலம் சாம்பலாகியிருந்தது. வீட்டம்மாவின் முடியில் நரை ஏறிக்கொண்டே வந்தது.

கேக்கில் மெழுகுவர்த்தி எண், ஏழு.

அடுத்ததிலும் ஏழு. அதற்கடுத்ததிலும்.

அவளுக்கு வேலை, வித்தியாசம் பார்ப்பது. கோடு ஒரு மயிரிழை கோணியிருந்தாலும் அவள் கண்ணில் படும். முடி ஒன்றுதான். கவுன் ஒன்றுதான். மச்சம், மயிரிழை மேலே கீழே, கிட்டத்தட்ட ஒன்றுதான். அவள் மச்சத்தை விட்டுவிட்டு மற்றதைப் பார்த்தாள். ஒரு படத்தில் காது மடல் கன்னத்தோடு ஒட்டியிருந்தது. இன்னொன்றில் தொங்கியது. ஒன்றில் தாடை கூர்மை. ஒன்றில் உருண்டை. ஒன்றில், அந்தப் பெண்ணின் இடது கண் பாலாடை விழுந்ததுபோல் வெளுத்துக் கிடந்தது. அதற்குக் கீழே மச்சம்.

கையில் இருந்த மீன் எப்போதோ அசைவதை நிறுத்தியிருந்தது.

கதவடியிலிருந்து வாசனை வந்தது. இப்போது பிடிபட்டது. கிராம்பு.

"வாயாடி," என்று கூப்பிட்டாள்.  மறுபடி கூப்பிட்டாள்.

பதில் இல்லை.

அது பதில் சொல்லாமல் இருந்ததே இல்லை. தூக்கத்தில் கூப்பிட்டால்கூட ஏதாவது உளறும்.

கதவைத் தள்ளினாள். தாழ்ப்பாள் போட்டிருக்கவில்லை.

கட்டில் காலியாக இருந்தது. படுக்கை விரிப்பில் சுருக்கம் இல்லை. தலையணையில் பள்ளம் இல்லை. அதில் யாரும் படுத்து வெகுநாள் ஆகியிருந்தது. கட்டிலருகே தரையில் பழைய செய்தித்தாள் விரித்து, அதன்மேல் ஈர முடி. கறுப்பு முடி, சுருள் சுருளாக. மகளின் முடி. மேசைவிளக்கு வளைத்து வைக்கப்பட்டிருந்தது. அதன் கழுத்தில் ஒரு படம் கிளிப்பில் மாட்டியிருந்தது. மாதிரிக் கோட்டை எதிரில் வைத்துக்கொண்டு அவள் வேலை செய்வாளே, அப்படி.

வீட்டம்மா முக்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் வெள்ளைக் காலர். மகளின் தலை அவர் இடது கையில் சாய்ந்திருந்தது. கன்னத்துக்கு அடியில் ஈரத்துணி.

வலது கையில் ஊசி. கறுப்புச் சாயம். முனை, மூடிய இமைக்குக் கீழே.

"கிட்ட வராதீங்க," என்றார், நிமிராமல். "கை ஆடிடும்."

"அம்மா. அது என் பொண்ணும்மா."

"தெரியும். அதனாலதான் உங்களையே கூப்பிட்டேன்." சலிப்போடு, ஒரு வேலையை ரொம்ப நாள் தனியாகச் செய்தவர் பேசுவதுபோல் பேசினார். "முன்னாடியெல்லாம் நானே போட்டேன். எனக்கு அவ்வளவு நல்லா வர்றதில்லை. ஒருத்திக்குக் கண்ணுலயே இறங்கிடுச்சு. அப்புறம் அவளைப் பார்க்கும்போதெல்லாம் கஷ்டமா இருந்தது. ரொம்ப நாள் வெச்சுக்க முடியலை."

மழை. பம்ப்பின் முணுமுணுப்பு. அவ்வளவுதான். கத்தினால் யாருக்குக் கேட்கும்?

"நீங்க போடறீங்களா, நான் போடட்டுமா?"

ஊசி பிடித்த கை நடுங்கிக்கொண்டிருந்தது. அவள் அந்த முனையை மட்டும் பார்த்தாள். நடுங்குகிற கை என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியும். வேலை கற்றுக்கொண்ட நாட்களில் எத்தனை மீன்களை வயிறு கிழித்திருக்கிறாள். பாய்ந்தால், இவர் திடுக்கிட்டால், முனை எங்கே போகும்? அரை விரல் தூரம்கூட இல்லை.

முதலில் ஊசி என் கைக்கு வரட்டும். வந்த நொடி தூக்கிக்கொண்டு ஓடிவிடலாம். முதலில் ஊசி.

"நானே போடறேம்மா," என்றாள். "என்கிட்ட குடுங்க. மெதுவா."

வீட்டம்மா உடனே கொடுத்துவிட்டார்.

பிடுங்கவேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தாள். அவரோ ஊசியைத் திருப்பி, முனை தன் பக்கம் இருக்கும்படி மரியாதையாக நீட்டினார். பிள்ளையை முக்காலியில் உட்காரவைத்து, எழுந்து, இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். வழியில் யாரும் இல்லை. கதவு திறந்தே இருந்தது. அவர் தடுக்கப்போவதில்லை. தடுக்கவேண்டிய அவசியம் இல்லாதவர்போல், கைகளைக் கோத்துக்கொண்டு நின்றார்.

அவள் மகளின் தோளைப் பற்றினாள். "எந்திரி. வா. போலாம்."

பிள்ளை கண்ணைத் திறந்தது.

"அம்மாடா. அம்மா வந்திருக்கேன். எந்திரி."

அந்தக் கண்கள் அவள் முகத்தில் கொஞ்ச நேரம் தங்கின. பயம் இல்லை. தூக்கக் கலக்கமும் இல்லை. வீட்டுக்கு வேலையாக வந்த ஒருவரைப் பார்க்கிற பார்வை. பிறகு அவளைத் தாண்டி, பின்னால் நின்றவரிடம் போயின.

"அம்மா," என்றது அவரிடம், மெல்லிய, நிதானமான, அவள் ஒருநாளும் கேட்டிராத குரலில். "இந்த ஆன்ட்டி ஏன் அழறாங்க?"

"ஒண்ணுமில்லடா. நீ ஆடாம இரு."

"சரி."

பற்றியிருந்த விரல்களைத் தன் தோளிலிருந்து ஒவ்வொன்றாக, நோகாமல் எடுத்துவிட்டது. முக்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தது. காலரைச் சரிசெய்துகொண்டது. பிறகு, யாரும் சொல்லாமலேயே, இடது கன்னத்தை விளக்கின் பக்கம் திருப்பி, வெளிச்சம் சரியாக விழுகிற இடம் வரும்வரை முகத்தை மெல்ல மெல்ல உயர்த்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது.